பெட்ரோல் பிரஷர் மீட்டரை எங்கே மாட்டுவது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர்களுக்கு வன்னியம்பட்டி விலக்கு தெரிந்திருக்கும். திருமங்கலத்தில் ஆரம்பித்து கொல்லம் வரை போகும் நெடுஞ்சாலை அது. முன்பு எண் 208, இப்போது 744. ஐயப்ப சீசனிலும் குற்றால சீசனிலும் அந்த ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டும். நடுவில் நின்று போகும் வண்டிகளும் உண்டு. அதனால்தான் ரோட்டோரம் சின்னச் சின்ன ஒர்க்ஷாப்புகள் பிழைக்கின்றன.

அப்படி ஒரு ஒர்க்ஷாப். தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் டீக்கடை. மெக்கானிக்குக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு பழைய மாருதி ஆம்னி அங்கே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பால்காரர். சுற்றுக் கிராமங்களில் விடிவதற்கு முன் பால் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடங்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவர். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பால் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

பால்காரர் கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஆன்லைனில் வாங்கியது. உள்ளே பளபளவென்று ஒரு வட்ட மீட்டர், கூடவே மெல்லிசாக ஒரு நைலான் டியூப்.

"அண்ணாச்சி, இத டேஷ்போர்டுல மாட்டிக் குடுத்துருங்க. பெட்ரோல் பிரஷர் எவ்வளவு வருதுன்னு ஓட்டும்போதே பாத்துக்குறேன்."

அண்ணாச்சி டியூபை விரலால் நசுக்கிப் பார்த்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இது ஆயில் பிரஷருக்குப் போடுற டியூப்புப்பா. இதுக்குள்ள பெட்ரோல விட்டு உன் முழங்காலுக்கு முன்னாடி கொண்டுவரச் சொல்றியா?" என்றார்.

பால்காரர் அந்த மீட்டரைத் தேடி அலைந்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்றரை மாதமாக வண்டி விடியற்காலையில் திணறுகிறது. வேகத்தடை வந்தால் குலுங்கி நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகும். பகலில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டிவிட்டார்கள். நாலு நாள் நன்றாக ஓடியது மாதிரி இருந்தது. பிறகு பழைய கதைதான். ஒருநாள் வழியில் முக்கால் மணி நேரம் நின்றதில் பால் திரிந்துபோய் ஒரு நாள் வரும்படி முழுதும் போனது. அதற்குப் பிறகுதான் பம்ப் வேலை செய்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

ஆக, பால்காரரின் ஆசை தப்பில்லை. அளக்காமல் பார்ட்ஸ் மாற்றுவதைவிட அளந்து பார்ப்பது எவ்வளவோ மேல். கேள்வி ஒன்றுதான். எங்கே வைத்து அளப்பது?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் கால அம்பாசிடரிலும் முதல் தலைமுறை மாருதியிலும் கார்புரேட்டர் இருந்தது. இன்ஜின் ஓட்டத்திலேயே இயங்கும் ஒரு சின்ன பம்ப், டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குக் கொடுக்கும். அதற்கு கால் கிலோ பிரஷர் இருந்தாலே போதும். (கிலோ என்று மெக்கானிக்குகள் சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கு. அது கிட்டத்தட்ட 1 பார், அல்லது 14 பிஎஸ்ஐ.) அங்கே ஹோஸ் லேசாக விரிந்தால் பெட்ரோல் சொட்டும். வாசனை வரும். ஓரங்கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு கதை மாறியது. பாரத் ஸ்டேஜ் 2 விதிகள் 2000, 2001 வாக்கில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களுக்கும், 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தன. கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. வெளிநாடுகளில் இது ரொம்பப் பழைய சமாச்சாரம். பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் 1967-லேயே ஃபோக்ஸ்வேகன் காரில் வந்துவிட்டது. இதில் டாங்கிக்குள் ஒரு மின்சார பம்ப் இருக்கும். அது பெட்ரோலைச் சுமார் 3 கிலோ பிரஷரில் இன்ஜெக்டர்களுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர் சில மில்லி செகண்டு திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்தால் எவ்வளவு பெட்ரோல் போகும் என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கெல்லாம், பிரஷர் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான். பிரஷர் குறைந்தால் கணக்கு தப்பும், வண்டி திணறும்.

3 கிலோ என்றால் எவ்வளவு? கார் டயரில் அடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ, அதாவது 2 கிலோ சொச்சம். பெட்ரோல் குழாயில் அதைப் போல ஒன்றரை மடங்கு. அந்தக் குழாயில் ஒரு ஊசி ஓட்டை விழுந்தால் பெட்ரோல் எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்று பிளஸ் டூ பிசிக்ஸ் ஃபார்முலாவில் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு சுமார் 28 மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டர்! அது சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். எதிரில் இருப்பதில் மோதிப் புகை மாதிரி சிதறும்.

பெட்ரோலுக்குத் தீப்பிடிக்க வெயில் வேண்டியதில்லை. மைனஸ் 40 டிகிரி குளிரில்கூட எரியக்கூடிய ஆவியை அது விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். பக்கத்திலேயே சிவகாசி இருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்குப் பொறியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. மருந்து இருக்கும் அறைக்குள் தீப்பெட்டி கொண்டுபோக யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் அதே ஆட்கள்தான் பெட்ரோல் டியூபைக் கழற்றும்போது பீடியை அணைக்காமல் நிற்கிறார்கள்.

இப்போது ஆம்னிக்கு வருவோம். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான வண்டி. ஆம்புலன்ஸ், மைக்செட் வண்டி, கல்யாண வண்டி, பால் வண்டி என்று அது போடாத வேஷம் கிடையாது. அதில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற கார்களில் இன்ஜின் முன்னால் தனி அறையில் இருக்கும், நடுவில் ஒரு தகரச் சுவர். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்! சீட்டைத் தூக்கினால் இன்ஜின். கிட்டத்தட்ட அதன் மேல்தான் உட்கார்ந்து போகிறோம்.

பால்காரர் காலை ஊற்றை முடித்துவிட்டுத் திரும்பும்போது தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடுவார். அவர்கள் உட்காருவது முன் சீட்டில்.

அண்ணாச்சி இதைத்தான் கேட்டார். "அந்த டியூப்பு டேஷ்போர்டுகிட்ட கழண்டுச்சுன்னா பெட்ரோல் எங்க அடிக்கும்? உன் மேல, பிள்ளைக மேல. சாவிய அணைக்கணும்னு உனக்குத் தோணுறதுக்குள்ள எத்தனை செகண்டு ஆகும்?"

பால்காரரிடம் பதில் இல்லை. "யூடியூப்ல ஒருத்தன் மாட்டியிருந்தான் அண்ணாச்சி" என்றார் மெதுவாக.

"அவன் வண்டி. அவன் பாடு."

கார் பந்தயக்காரர்கள் வேகத்துக்காக எதையும் செய்வார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கறார். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதிகளின்படி, பெட்ரோல் குழாய் ஓட்டுநர் அறைக்குள் போனால் அங்கே அதற்கு இணைப்பு இருக்கக் கூடாது. முன் சுவரிலும் பின் சுவரிலும் மட்டும்தான் இணைக்கலாம். காரணம் எளிது. குழாய் நடுவில் உடைவது அபூர்வம், கழலுவதும் கசிவதும் இணைப்பில்தான். மீட்டர் மாட்டுவது என்றால் என்ன? புதிதாக இரண்டு மூன்று இணைப்புகளை உண்டாக்குவதுதானே!

பிறகு அண்ணாச்சி உள்ளே போய்த் தன் மீட்டரை எடுத்து வந்தார். கை அகலத்துக்கு முகம், நூறு பிஎஸ்ஐ வரை அளவு. அதற்குள் இருப்பது ஒரு வளைந்த பித்தளைக் குழாய். பிரஷர் ஏறினால் அந்த வளைவு கொஞ்சம் நிமிரப் பார்க்கும், முள் நகரும். யூஜீன் போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. இன்றைக்கும் சைக்கிள் கடை கம்ப்ரஸர் முதல் பாய்லர் வரை அதுவேதான். 3 கிலோவை அளக்க 7 கிலோ வரை காட்டும் மீட்டர் சரி. முள் நடுவாக்கில் நிற்கும், திடீரென்று ஏறினாலும் தாங்கும்.

அடுத்து அவர் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். வீட்டில் செய்து பார்ப்பதற்காக அல்ல, யாராவது நம் வண்டியில் செய்யும்போது சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பதற்காக.

முதலில் ஒன்றுமே செய்யவில்லை. டீ சொன்னார்! இன்ஜின் ஆறட்டும் என்று ஒன்றரை மணி நேரம் விட்டார். சூடான சைலன்சர் குழாயின் மேல் பெட்ரோல் பட்டால் பொறிகூட வேண்டாம். பிரஷரை இறக்கும் வேலையைச் சூட்டில் செய்தால் புகையைச் சுத்தம் பண்ணும் கன்வெர்ட்டருக்கும் கேடு.

இரண்டாவது, வண்டியைத் தகரக் கூரைக்கு அடியிலிருந்து வேப்பமரத்தடிக்குத் தள்ளினார்கள். ஒர்க்ஷாப்பில் வண்டிக்கு அடியில் வேலை பார்க்கப் பள்ளம் இருக்கும், அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. ஆவி அங்கேதான் இறங்கும். டீக்கடைப் பக்கம் காற்று அடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். பவுடர் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும் எட்டும் தூரத்தில். தண்ணீர் வாளி உதவாது. பெட்ரோல் தண்ணீரில் மிதந்துகொண்டே எரியும், தண்ணீர் ஓடும் இடமெல்லாம் தீயும் ஓடும்.

மூன்றாவது, பிரஷரை இறக்குவது. டாங்கி மூடியைத் திறந்து ஆவியை விட்டார். பம்ப்புக்குப் போகும் ரிலேயைக் கழற்றினார். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். குழாயில் மிச்சம் இருக்கும் பெட்ரோலைக் குடித்துவிட்டு அது தானாக அணைந்தது. மூன்று செகண்டு வீதம் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாங்கியை மூடினார். பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். இதைச் செய்யாமல் ஹோஸைக் கழற்றுகிறவர்கள்தான் முகத்தில் பெட்ரோல் வாங்குகிறார்கள். வண்டியை அணைத்துவிட்டாலும் குழாயில் பிரஷர் மணிக்கணக்கில் நிற்கலாம்.

நான்காவது, இணைப்பு. சில வெளிநாட்டுக் கார்களில் அளப்பதற்கென்றே டயர் வால்வு மாதிரி ஒரு முனை விட்டிருப்பார்கள், சொருகினால் போதும். நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் அது கிடையாது. குழாய்க்கு நடுவில் ஒரு டி இணைப்பு போட வேண்டும். இணைப்பைச் சுற்றி பனியன் வேஸ்ட்டைப் பொத்திக்கொண்டு மெதுவாகக் கழற்றினார். மிச்ச மீதி துணியில் இறங்கியது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. நனைந்த துணி மூலையில் கிடக்கவில்லை, மூடி போட்ட டப்பாவுக்குப் போனது.

ஹோஸ் விஷயத்தில் அவர் சமரசம் செய்வதில்லை. கடையில் போய் "பெட்ரோல் டியூப்" என்று கேட்டால் கார்புரேட்டர் வண்டிக்கான சாதா டியூபையும் கொடுப்பார்கள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். இன்ஜெக்ஷன் பிரஷருக்கென்று தனியாக இருக்கிறது, ஹோஸ் மேலேயே அச்சடித்திருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. 2023-இல் தொடங்கி நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வகை ரப்பர் சிலவற்றை அது ஊறவைத்து வீணாக்கிவிடும், ஆகவே அதற்கும் தாங்கும் ஹோஸாக இருக்க வேண்டும். கிளாம்பிலும் அப்படித்தான். வரி வரியாக ஓட்டை போட்ட சாதாரண கிளாம்பை முறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். உள்பக்கம் வழவழவென்று இருக்கும் கிளாம்ப்தான் சரி. டெஃப்ளான் டேப்பை நூல் மாதிரி சுற்றிச் சுற்றிப் போடுவதும் கூடாது. பிய்ந்த துணுக்கு இன்ஜெக்டரின் வாயை அடைத்துவிடும்.

ஐந்தாவது, மீட்டரை எங்கே வைப்பது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஹோஸை வெளியே விட்டு, மீட்டரை ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார். ஹோஸ் ஃபேன் பெல்ட்டையோ சைலன்சரையோ தொடவில்லை, எங்கேயும் மடங்கவில்லை. முன்னால் இன்ஜின் இருக்கும் கார் என்றால் பானட்டின் ஓர இடுக்கு வழியாக எடுத்து, கண்ணாடிக்கு வெளியே வைப்பரில் மீட்டரைக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்களாம். டிரைவர் உள்ளே, மீட்டர் வெளியே, நடுவில் கண்ணாடி. ஆம்னியில் அதற்கும் வழியில்லை. ஆகவே நிறுத்தி வைத்துத்தான் சோதனை.

ஆறாவது, உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. ரிலேயையும் பாட்டரி வயரையும் மாட்டிவிட்டு, சாவியை ஆன் மட்டும் செய்தார். பம்ப் இரண்டு மூன்று செகண்டு 'உர்ர்' என்று ஓடி நின்றது. ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காய்ந்த பேப்பரை ஒற்றிப் பார்த்தார். மூன்று தடவை. ஈரம் இல்லை. அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்.

முள் இரண்டே முக்காலில் நின்றது.

"நல்லாத்தான இருக்கு?" என்றார் பால்காரர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. நன்றாக இருந்தால் நோய் என்ன என்பது தெரியாமலே போகுமே.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று எழுதிக் கொடுக்க முடியாது. எந்தப் பிழை டேலியைக் கெடுக்காமல் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். பகலில், நின்ற இடத்தில், விளக்குப் போடாமல் அளந்தால் நன்றாகத்தான் இருக்கும். வண்டி நின்று போவது அப்போது இல்லையே!

அண்ணாச்சி கேட்டார். "நீ எந்நேரம் போற?"

"நாலரைக்கு."

"அப்போ லைட்டப் போடு."

ஹெட்லைட் போட்டதும் முள் லேசாக இறங்கியது. அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார். "வேகத்தடை வந்தா நிக்குதுன்னியே. வேகத்தடை வந்தா என்ன பண்ணுவ?"

"பிரேக் போடுவேன்."

"போடு."

பால்காரர் பிரேக்கை மிதித்தார். முள் ஒன்றரைக்குக் கீழே விழுந்தது. இன்ஜின் குலுங்கியது. காலை எடுத்ததும் முள் ஏறியது. மறுபடி மிதித்தார். மறுபடி விழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள்கூட (தள்ளி நின்றுதான்) எட்டிப் பார்த்தார்கள்.

பிரேக்குக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பின் விளக்குகளுக்கும் டாங்கியில் இருக்கும் பம்ப்புக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயர் அந்த வண்டியில் ஒரே போல்ட்டில் மாட்டியிருந்தது. அந்தப் போல்ட் துருப்பிடித்துப்போயிருந்தது. ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் மட்டும் போனால் பிரச்சினை இல்லை. விளக்குகளும் சேர்ந்து வந்தால் நெரிசல். பம்ப்புக்குக் கிடைக்க வேண்டிய வோல்டேஜ் கிடைக்காது, அது சுணங்கும், பிரஷர் விழும்.

மல்டிமீட்டரை வைத்தார். டாங்கியின் தலையில் அல்ல, கொஞ்சம் தள்ளி இருந்த வயர் இணைப்பில். பம்ப்பின் எர்த் வயருக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது. பிரேக் மிதித்தபோது நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

அவ்வளவுதான். பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் போல்ட்டை எடுத்து, உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தார். கிரைண்டர் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும், ஆனால் டாங்கிக்குப் பக்கத்தில் பொறி பறக்க விடுவாரா? புது போல்ட், புது வாஷர், மேலே கொஞ்சம் கிரீஸ். மறுபடி ஸ்டார்ட். லைட். பிரேக். முள் இரண்டே முக்காலை விட்டு நகரவில்லை.

பால்காரர் ஸ்டூலின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மாற்றிய பம்ப்பின் விலையை மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அது கெட்ட பம்ப் அல்ல. சோறு போடாமல் வேலை வாங்கப்பட்ட பம்ப். மாற்றுவதற்கு முன் யாராவது இந்த அரை மணி நேர வேலையைச் செய்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும், அந்த ஒரு நாள் பாலும்.

மீட்டரைக் கழற்றும்போதும் அதே சடங்கு. ரிலேயை எடு, ஓடவிட்டு அணை, பாட்டரியைக் கழற்று, துணியைப் பொத்து. வேலை முடிந்த சந்தோஷத்தில் இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்றார் அண்ணாச்சி. மாட்டும்போது இருந்த பயம் கழற்றும்போது இருக்காதாம். பழைய ஹோஸைத் திரும்ப மாட்டி, மறுபடி பேப்பர் ஒற்றி, காய்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சீட்டை இறக்கினார்.

பால்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. காசு கொடுத்து வாங்கிய மீட்டர் ஆயிற்றே. "அப்போ இத மாட்டவே முடியாதா அண்ணாச்சி?"

முடியும். ஆனால் அந்த மீட்டர் இல்லை. நிரந்தரமாகப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்றால் அதற்கு சென்சார் வகை இருக்கிறது. பிரஷரை உணரும் சின்ன உருளை ஒன்று பெட்ரோல் குழாயின் பக்கமே இருந்துவிடும். அங்கிருந்து டேஷ்போர்டுக்கு வருவது வயர் மட்டும், அதில் ஓடுவது 5 வோல்ட்டுக்குள் ஒரு மின்சார சமிக்ஞை. வயர் அறுந்தால் முள் வேலை செய்யாது, அவ்வளவுதான். சென்சாரையும் அதிரும் இன்ஜினில் நீட்டிக்கொண்டு நிற்கும்படி மாட்டக் கூடாது, நாளடைவில் அதன் கழுத்து விரிசல் விடும். அசையாத பாகத்தில் பிடித்து, கம்பி வலை போர்த்திய ஹோஸால் இணைக்க வேண்டும். வயருக்குத் தனி ஃபியூஸ் வேண்டும். சாவி அணைத்தால் அதுவும் அணைய வேண்டும்.

"இவ்வளவும் பண்ணித்தான் ஆகணும்னா பண்ணலாம். ஆனா யோசிச்சுப் பாரு. உனக்கு மீட்டரா வேணும்? பால் நேரத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான? டாக்டரு ஊசியக் குத்தி ரத்தத்த எடுத்துப் பாப்பாரு. அதுக்காக ஊசியக் கையிலயே விட்டுட்டா அனுப்புறாரு?"

பால்காரர் சிரித்துவிட்டார். மீட்டரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார். திருப்பி அனுப்ப முடியுமா என்று அந்தக் கம்பெனியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

இதில் கற்றுக்கொள்ள பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இரண்டே விஷயம். ஒன்று, பார்ட்ஸ் மாற்றுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள். "பம்ப் போச்சு" என்று ஒருவர் சொன்னால் "எத்தனை கிலோ காட்டுச்சு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஆயிரக்கணக்கில் மதிப்பு உண்டு. இரண்டு, அளக்கிறேன் பேர்வழி என்று பெட்ரோலை நாம் உட்காரும் இடத்துக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே தகவல் வரலாம். பெட்ரோல் வரக் கூடாது. வாங்கும்போது சந்தேகம் வந்தால் ஒன்றைப் பாருங்கள்: டேஷ்போர்டுக்கு வருவது வயரா, டியூபா? டியூப் என்றால் வேண்டாம்.

அண்ணாச்சி கூலியாக வாங்கியது அரை நாள் சம்பளமும் ஒரு போல்ட்டின் காசும்தான். பால்காரர் கொஞ்சம் கூடக் கொடுக்கப் பார்த்தார். "நாளைக்குக் காலைல நிக்காமப் போனா ஒரு போன் போடு, அது போதும்" என்றாராம்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு போன் வந்தது. பால் ஊற்றியாகிவிட்டது. திரும்பும் வழியில் வன்னியம்பட்டி விலக்கில் அந்த ஆம்னி வேகத்தடையில் ஏறி இறங்கிப் போனது. பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. முன் சீட்டில் இரண்டு பிள்ளைகள், மடியில் பள்ளிக்கூடப் பை.